வெள்ளம் வந்தால் ஏன் ஓடினார்கள்? வாசிக்கும் பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுத் திண்ணையில் மாலை டியூஷன் நடத்துகிறேன். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் எல்லோரும் தமிழ்தான். பள்ளியில் சிலருக்குத் தமிழ் வழி, சிலருக்கு மலையாள வழி. மூன்று நாளாக ஒன்று என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். தங்குதடையில்லாமல் வாசிப்பான். நான் எழுதிக் கொடுத்த சின்னப் பத்தி இது: "இரவெல்லாம் மழை. விடிவதற்குள் ஊருக்குள் வெள்ளம் வந்தது. மக்கள் மேட்டுத் தெருவுக்கு ஓடினார்கள்." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தான். "மக்கள் ஏன் ஓடினார்கள்?" என்று கேட்டேன். "குடம் எடுக்க, டீச்சர்" என்றான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. கோடையில் லாரியில் வரும் தண்ணீரை நம்பித்தான் பல தெருக்கள் இருக்கின்றன. மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். லாரி வந்தால் பக்கத்து வீட்டார் "வெள்ளம் வந்நு" என்று குரல் கொடுப்பார்கள். எல்லோரும் குடத்தோடு ஓடுவோம். பையன் சொன்னதில் என்ன தவறு என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னொரு கவலை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சுப்போல எழுதுகிறான். நோட்டை மூடிவிட்டு "என்ன எழுதினாய்?" என்று கேட்டால் முழிக்கிறான். வாசித்ததும் எழுதியதும் இவன் மனத்தில் எங்கே போகின்றன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரப்பதி தோப்பு (திங்கள், இரவு 9.42)

டீச்சர், பத்து முறை எழுதச் சொல்லுங்கள், தானாக ஏறிவிடும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றோம். சிலேட்டு தேயத் தேய எழுதினோம். இன்றைக்கும் வாய்ப்பாடு தூக்கத்தில் கேட்டாலும் வரும். இப்போது பிள்ளைகளுக்குக் கை வலிக்கும் என்று எழுதவே விடுவதில்லை.

வாளையாறு ரயில் (திங்கள், இரவு 11.05)

நான் கோவையில் உளவியல் முதுகலை படிக்கிறேன். தினமும் ரயிலில் போய் வருகிறேன். டீச்சர், அந்தப் பையன் வாசித்ததில் குறையே இல்லை. வாசிப்பு எப்படி நடக்குமோ அப்படியே நடந்திருக்கிறது.

வாசிக்கும்போது கண் வரிமேல் சீராக வழுக்கிப் போவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தத்தித் தத்திப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவால் இதைப் பற்றி எழுதினார். ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கும் நேரத்தில்தான் எழுத்து உள்ளே போகிறது. போன எழுத்து மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில், அடிப்புறத்தில் ஓர் இடத்தில் சொல்லாக அடையாளம் காணப்படுகிறது. பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் லோரான் கோஹெனும் இந்த இடத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் உறுப்பு அமைய அது போதாத காலம். முகத்தையும் பொருளையும் கண்டறிய இருந்த இடத்தில் ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறோம் என்பது டெஹேனின் விளக்கம்.

ஆனால் அந்த இடம் "இது வெள்ளம் என்ற சொல்" என்பது வரைக்கும்தான் சொல்லும். பொருளை மற்ற இடங்கள் கொடுக்கின்றன, அதுவும் இருப்பிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கின்றன. உங்கள் பையனின் இருப்பில் வெள்ளம் என்றால் லாரி, குடம், ஓட்டம்.

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளில் வாசிப்புத் திறன் மிகுந்தவர்களும் இருந்தார்கள், குறைந்தவர்களும் இருந்தார்கள். ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டு திரும்பச் சொன்னார்கள்.

வடகரப்பதி தோப்பு (செவ்வாய், காலை 6.20)

தம்பி சொன்ன கடைசிச் செய்தியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தென்னை வேர் வாடல் நோய் பற்றிப் போன ஆண்டு ஒரு துண்டறிக்கை வந்தது. என் மகள் பட்டதாரி. கடகடவென்று வாசித்தாள். "என்னம்மா சொல்கிறது?" என்று கேட்டால் அதையே திரும்ப வாசித்தாள். எங்கள் தோப்பில் மரம் ஏறுகிறவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் எழுந்து போய், "இது ஓலை தளர்ந்து தொங்கும் என்கிறது, வாங்க காட்டுகிறேன்" என்று வடக்கு மூலையில் இரண்டு மரத்தைக் காட்டினார்.

சோகநாசினிக் கரை (செவ்வாய், காலை 10.15)

முப்பத்தொரு ஆண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். டீச்சர், அந்தப் பையனிடம் "வெள்ளப்பொக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். 2018 ஆகஸ்டுக்குப் பிறகு கேரளத்தில் அந்தச் சொல் தெரியாத குழந்தை இல்லை. நாம் வெள்ளம் என்கிற பொருள் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது, மலையாளப் பெயரில் இருக்கிறது. நம் தமிழ்ப் பத்திக்கும் அதற்கும் இடையே வழி திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லையில் வளரும் பிள்ளைகளை "இரண்டு மொழியும் அரைகுறை" என்று சொல்லும் ஆசிரியர்களோடு வாழ்நாள் முழுதும் சண்டை போட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் செய்யும் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழில் ககரத்துக்கு ஒரே எழுத்து. கண், பகல், தங்கம் என்ற மூன்றிலும் அது மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த ஒலி என்பதை எழுத்து சொல்லாது, சொல்லுக்குள் அது நிற்கும் இடம் சொல்லும். மலையாளத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து, போதாததற்குக் கூட்டெழுத்துகள். எட்டு வயதுப் பிள்ளை காலையில் ஒரு கணக்கிலும் மாலையில் இன்னொரு கணக்கிலும் வாசிக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் என்ன?

பத்து முறை எழுதுவது பற்றித் தோப்புக்காரர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். எழுத்தின் உருவம் கையில் படிய அது வேண்டும். ஆனால் எழுத்து கைக்கு வந்துவிட்ட பிள்ளையைக் கருத்துக்காகப் பத்து முறை எழுதச் சொன்னால், மூன்றாவது முறையிலிருந்து கை மட்டும்தான் வேலை செய்யும்.

நகரித் தறி (செவ்வாய், பிற்பகல் 2.30)

ஆந்திர எல்லையிலிருந்து ஒருவன். நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். படித்தது தெலுங்கு வழியில், வீட்டில் தமிழ். என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவுக்கு ஐம்பது வயதுவரை எழுத்து தெரியாது. பேருந்தை நிறத்தை வைத்தும் நடத்துநரின் குரலை வைத்தும் கண்டுபிடிப்பார். ஒருமுறை திருத்தணிக்குப் போக வேண்டியவர் புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். வீடு திரும்பியதும், "எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடு" என்று உட்கார்ந்துவிட்டார். தறி ஓடும் சத்தத்தில் எழுத்தைச் சொன்னால் காதில் விழாது. அதனால் அவர் உள்ளங்கையில் என் விரலால் எழுதிக் காட்டுவேன். அவர் அதைத் தன் தொடைமீது திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பார். வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலது கையின் ஆட்காட்டி விரல் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்.

ஏழெட்டு மாதம் ஆனது. ஒருநாள் பேருந்து நிலையத்தில், "தி... ரு... திருத்தணி!" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவரால் வாசிக்காமல் இருக்கவே முடியவில்லை. தீப்பெட்டி, மாத்திரை அட்டை, கடைப் பலகை எல்லாவற்றையும் வாசித்தார். "முன்னெல்லாம் கடைத்தெரு அமைதியாக இருந்தது, இப்போது எல்லாம் பேசுகிறது" என்றார். ஐம்பது வயதில் மூளை இப்படி மாறுமா என்பது எனக்கு இன்னும் அதிசயம்தான்.

வாளையாறு ரயில் (செவ்வாய், இரவு 10.50)

அண்ணா, உங்கள் அம்மாவைப் பற்றி வாசித்துவிட்டு ரயிலில் அடுத்த பக்கம் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்டதற்கு விடை இருக்கிறது. 2010இல் டெஹேன் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எழுத்தறியாதவர்கள் சிலர், சிறு வயதில் கற்றவர்கள் சிலர், வளர்ந்த பிறகு கற்றவர்கள் சிலர். பெரியவர்களாகிக் கற்றவர்களுக்கும் அந்த இடப்பக்கப் பகுதி எழுத்துக்கு விழித்துக்கொண்டிருந்தது.

அம்மா சொன்ன "எல்லாம் பேசுகிறது" என்பதும் உண்மையான சங்கதி. 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இதைச் சோதித்தார். பச்சை என்ற சொல்லைச் சிவப்பு மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். வாசிக்கத் தெரிந்தவருக்கு வாசிக்காமல் இருப்பது கைகூடாது.

தமிழர்களை வைத்தே செய்த ஓர் ஆய்வும் இருக்கிறது. எரிக் பெடர்சன் 2003இல் வெளியிட்டார். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கோட்டுக்கு வலப்பக்கம் வயிறு இருந்தால் ஓர் எழுத்து, இடப்பக்கம் இருந்தால் வேறோர் எழுத்து. தமிழில் அப்படிக் கண்ணாடிப் பிம்பமாக அமைந்த எழுத்து இணை கிடையாது. எழுத்தறியாத தமிழர்கள், தமிழ் மட்டும் படித்தவர்கள், தமிழோடு ரோமன் எழுத்தும் படித்தவர்கள் என்று மூன்று வகையினரிடம் உருவங்களைக் காட்டினார். ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வேறுவேறு என்று பிரிப்பதில், தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே இருந்தார்கள். ரோமன் எழுத்தும் படித்தவர்கள் சட்டென்று பிரித்தார்கள். எந்த எழுத்தைப் படிக்கிறோம் என்பது உலகத்தை நாம் பார்க்கும் பார்வைவரைக்கும் தொடுகிறது. டீச்சர், உங்கள் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் திட்டாதீர்கள்.

பாலக்காடு பேச்சுப் பயிற்சி (புதன், காலை 8.00)

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சும் வாசிப்பும் இழந்தவர்களோடு வேலை செய்கிறேன். நகரி அண்ணன் சொன்ன விரலைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும்.

1887இல் பாரிஸில் ஒரு வணிகருக்குத் திடீரென்று ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாமல் போனது. கண் நன்றாகத் தெரிந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது. எழுதச் சொன்னால் தடையின்றி எழுதினார். தான் எழுதியதையே திரும்ப வாசிக்க மட்டும் அவரால் முடியவில்லை. ஜூல் டெஜரின் என்ற மருத்துவர் அவரைக் கவனித்துவந்தார். ஆனால் எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால் அது என்ன எழுத்து என்று அந்த வணிகர் சொல்லிவிடுவார். கண்ணுக்கு அடைத்துப்போன கதவைக் கை திறந்தது. 1892இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது இடப்பக்கப் பின்பகுதியில் சேதம் இருந்தது.

நான் படித்த காலத்தில் இது வெறும் தேர்வு வினா. போன ஆண்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார், ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை. செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் அழுவார். ஒருநாள் தட்டில் அரிசியைப் பரப்பி அவர் விரலைப் பிடித்து "அ" எழுத வைத்தேன். பாதி வளைவிலேயே "அ" என்றார். விஜயதசமியன்று இந்த ஊர்க் குழந்தைகளை முதலெழுத்து எழுத வைக்கிற எழுத்தினிருத்துத்தான் அது. எழுபது வயதில் அவருக்கு இரண்டாம் முறை நடந்தது. இப்போது தலைப்புச் செய்திகளைத் தொடைமீது எழுதி எழுதி வாசிக்கிறார்.

சோகநாசினிக் கரை (புதன், காலை 9.25)

சித்தூர் தெக்கேகிராமத்தில் ஆற்றங்கரையிலேயே மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அங்கே விஜயதசமிக்கு மடியில் பிள்ளையோடு தாய்மார் வரிசையில் நிற்பதை ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். என் பாட்டனார் நிலத்தெழுத்து ஆசானிடம் மணலில் கற்றவர். மணல் சுடும், விரல் நுனி உரியும் என்பார். அந்த வலியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அரிசியும் மணலும் வெறும் சடங்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா, உங்கள் பதிவுக்கு நன்றி.

வடகரப்பதி தோப்பு (புதன், மாலை 7.10)

அப்படியானால் கல்லூரியில் என் மகள் பாடம் முழுதும் லேப்டாப்பில் தட்டுகிறாளே, அது வீணா?

வாளையாறு ரயில் (புதன், இரவு 11.20)

வீண் என்று சொல்லிவிட முடியாது ஐயா. எழுத்தே தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொண்டு கரின் ஜேம்ஸ் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைப் புள்ளிமேல் வரையவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் சொல்லிவிட்டு ஸ்கேன் எடுத்தார். தானே எழுதிய எழுத்தைக் கண்டபோதுதான் வாசிப்புக்கு உரிய பகுதிகள் முழுமையாக வேலை செய்தன. குழந்தைகள் வரைந்த எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒரே எழுத்தின் பத்துக் கோணல்களைத் தானே உண்டாக்கிப் பார்ப்பதால்தான் எழுத்து பிடிபடுகிறது என்பது அவர் கருத்து. ஆகவே சின்னப் பிள்ளைக்குக் கை வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை.

கல்லூரி மாணவர் விஷயம் வேறு. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் கையால் குறிப்பெடுத்தவர்கள் கருத்துக் கேள்விகளில் முந்தினார்கள் என்று எழுதினார்கள். லேப்டாப்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டிக்கொண்டே போனார்கள், கையால் எழுதியவர்கள் வேகம் போதாமல் சுருக்கினார்கள், சுருக்க வேண்டுமானால் யோசித்தாக வேண்டும். 2019இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. மகளைக் குறிப்புகளை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முக்கியம் அதுதான்.

டீச்சர், உங்களுக்காக நான் வைத்திருந்ததும் அதுவே. 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, வெற்றுத்தாளில் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு தடவை படித்தவர்கள் 100க்கு 81, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. படித்த உடனே "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதை நம்ப முடியாது. உள்ளே தேடி எடுக்கிற உழைப்புத்தான் வழியை ஆழமாக்குகிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் (வியாழன், இரவு 8.45)

இன்று பையனின் அருகிலேயே உட்கார்ந்து, அவன் பார்த்து எழுதுவதைக் கவனித்தேன். பலகையில் "கொக்கு குளத்தில் நின்றது". முதலில் தலை நிமிர்ந்தது, ஒற்றைக்கொம்பு போட்டான். நிமிர்ந்தான், க போட்டான். நிமிர்ந்தான், துணைக்கால் போட்டான். "கொ" அவனுக்கு ஓர் எழுத்தாக இல்லை, மூன்று படங்களாக இருந்தது. மூன்று சொல்லை எழுத மொத்தம் பதினான்கு முறை நிமிர்ந்தான். உதடு ஒரு தடவைகூட அசையவில்லை. கொக்கும் இல்லை, குளமும் இல்லை. ஓர் ஆண்டாக "எவ்வளவு அழகாக எழுதுகிறான்" என்று அவன் அம்மாவிடம் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பிறகு பலகையைத் துணியால் மூடினேன். ஒரு சொல்லைப் பார், நான் மூடுவேன், நீ சொல்லிக்கொண்டே எழுது என்றேன். உதடு அசையத் தொடங்கியது. "குலத்தில்" என்று எழுதினான். பார்த்து எழுதியபோது வராத பிழை. மகிழ்ச்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சோகநாசினி மாஷ் (ஆசிரியரே), நீங்கள் சொன்னபடி அவனிடம் வெள்ளப்பொக்கம் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, "அதா? அப்ப வீடு முங்குமே!" என்றான். பத்தியைத் தானாகவே எடுத்து மறுபடி வாசித்தான். இந்த முறை "ஓடினார்கள்" என்ற இடத்தில் குரல் வேகமானது.

சோகநாசினிக் கரை (வியாழன், இரவு 9.05)

அந்த "குலத்தில்" பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடாதீர்கள். குளம், குலம் இரண்டையும் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாக்கு மடங்குகிறதா இல்லையா என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

நகரித் தறி (வெள்ளி, காலை 5.50)

அம்மாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். இல்லை, அவரே வாங்கி வாசித்தார். பாரிஸ் வணிகர் பகுதி வந்ததும் நிறுத்தி, தொடைமீது விரல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவருக்கு யாரும் கை பிடித்துக் கொடுத்தார்களா?" என்று கேட்டார்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஐந்து வரி வாசிப்பு, பிறகு புத்தகத்தை மூடி நினைவில் இருப்பதை எழுதுவது. பதினொரு பேருக்கும் இதுதான். முதல் மூன்று நாள் அழுகை, "எதுவும் ஞாபகம் வரவில்லை டீச்சர்" என்று. மலையாளச் சொல் வந்தால் அப்படியே எழுதலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் பேனா நகர்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை. எழுத்தே கைக்கு வராத குழந்தைகள் அவர்கள் என்று இப்போது புரிகிறது. அவர்களுக்கு அரிசித் தட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தப் பழைய மழைப் பத்தியை, முன்னறிவிப்பில்லாமல், நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். பதினைந்து நாளாக யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பையன் "வெள்ளம்" என்று எழுதினான், ரப்பரால் அழித்தான், வெகுநேரம் பல்லால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"ராத்திரி மழை. ஊருக்குள் பெரிய வெள்ளம் வந்தது. இது லாரி வெள்ளம் இல்லை. எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். குடம் எடுக்கவில்லை."